மிச்சமில்லாத பெட்டி

அந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சமானால் போதும், சிரிப்புச் சத்தம் மாடிவரைக்கும் கேட்கும். அதற்குக் காரணம் வீட்டுக்காரியின் கணவன்தான், வேறு யார்!

ரொட்டி வண்டி ஓட்டுகிறவன் அவன். ஊர் கண்விழிப்பதற்குள் கடைகடையாக ரொட்டி இறக்கிவிட்டு, மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்துவிடுவான். வந்தவன் காலை நீட்டிப் படுப்பானா என்றால், அதுதான் கிடையாது. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடுவான். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, குளியலறைத் தாழ்ப்பாள் என்று அவன் கை படாத பொருள் அந்த வீட்டில் இல்லை. கழற்றுவான், துடைப்பான், எண்ணெய் விடுவான், பொறுமையாகத் திரும்ப மாட்டுவான். எல்லாம் முடிந்து நிமிரும்போது உள்ளங்கையில் ஒரே ஒரு ஸ்க்ரூ மினுங்கிக்கொண்டிருக்கும். அது எங்கேயிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியாது, அந்தக் கடவுளுக்கும் தெரியாது. ஆனால் பொருள் என்னவோ ஓடும். அந்த மின்விசிறி இன்றைக்கும் தலைக்கு மேலே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மிஞ்சியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். டப்பா பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

அவனுக்கு ‘மிச்சம்’ என்று பெயர் வைத்தது அவன் அக்கா. மாடியில் குடியிருந்தாள். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். நாள் முழுக்க வாயில் துணி கட்டிக்கொண்டு நிற்கிற வேலை என்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அந்த வாய் மூடாது. “இவனைப் பெத்து எடுத்தப்பவே ஒரு ஸ்க்ரூ மிச்சமாயிடுச்சு. எங்கம்மா அதை எங்கயோ வெச்சுட்டு மறந்துட்டாங்க” என்பாள். தம்பி சிரித்துக்கொள்வான். அவனுக்குக் கோபமே வராது. அவனுக்கு வர வேண்டியதையும் சேர்த்து அவன் மனைவிக்கு வரும்.

மனைவிக்கு அதே வாய் வைத்த பெயர் ‘ஸ்கேல்’. கட்டட வரைபடம் போட்டவள். சுவரில் ஒரு காலண்டர் மாட்டினாலும் டேப் வைத்து அளந்துதான் மாட்டுவாள். கணவனின் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பே எரியும். “கொடுத்த எல்லாத்தையும் போடணும். போட்டாதான் அது வேலை. மிச்சம் வெச்சா அரைவேலை” என்பாள். நாத்தனார் கேலி பேசும்போது கூடவே தாளம் போட்டவள்தான் அவளும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவள் வேலை பார்த்த அலுவலகத்தை இழுத்து மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு டைல்ஸ் கடையில் நின்றுகொண்டு, “உங்க ஹாலுக்கு இவ்வளவு பெட்டி தேவைப்படும் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் வீட்டையே வரைந்தவள், யாரோ வரைந்த வீட்டுக்குத் தரை அளந்துகொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போய்வந்தாள். வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பழைய கம்ப்யூட்டரில் புது மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, அது ஒரு சுவரை எழுப்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாத்திரமே கழுவி முடித்துவிட்டு வந்து, அடுத்த சுவரைப் போடுவாள். அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் பழைய அலுவலகத்து மேடம் போன் செய்தார். அவர் இப்போது வேறொரு பெரிய இடத்தில் இருந்தார்.

“ஒரே ஒரு இடம் காலியா இருக்கு. வீட்டுலேர்ந்தே வரையலாம். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு டெஸ்ட். நீ வரையறதை நாங்க இங்கேருந்து பாத்துக்கிட்டே இருப்போம். பெரிய ஃபைல், உன் மெஷின் தாங்கணும். நடுவுல நின்னுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உனக்கு அடுத்த ஆள் லைன்ல நிக்குது, பாத்துக்கோ.”

பழைய கம்ப்யூட்டர் ஒரு கடிதம் அடிக்கவே மூச்சு வாங்குகிற ரகம். கடையில் தயாராக விற்கிற நல்ல மெஷின் கட்டுப்படியாகாது. ஆகவே பாகம் பாகமாக வாங்கி, தானே சேர்ப்பது என்று முடிவெடுத்தாள். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் மாட்ட வேண்டிய இரும்புப் பெட்டி மட்டும் ஆடி அசைந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது.

சனிக்கிழமை காலையில் கூடத்தில் போர்வையை விரித்து, பாகங்களைப் பரப்பிவிட்டு உட்கார்ந்தாள். கணவன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் அவன் கண் நேராக ஸ்க்ரூடிரைவருக்குத்தான் போனது.

“கிட்ட வராதீங்க” என்றாள்.

“பாக்கத்தானே செய்றேன்?”

“பாக்கறதுன்னா அங்கேருந்து பாருங்க. இந்தப் பெட்டியில ஒரு ஸ்க்ரூ கூட மிச்சமாகக் கூடாது. மிச்சமாச்சு, உங்கக்கா என்னையும் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க.”

அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தான்.

பெட்டியோடு வந்த சின்னப் பையில் பித்தளைக் கால்கள் கொஞ்சம் இருந்தன. மற்றப் பாகங்களையெல்லாம் தாங்கும் பலகையான மதர்போர்டு இரும்பில் நேராகப் படக் கூடாது. இந்தக் கால்களைப் பெட்டியின் அடித்தகட்டில் முறுக்கி, அவற்றின் தலைமேல் போர்டை உட்காரவைத்து ஸ்க்ரூ போட வேண்டும். தகட்டில் எத்தனை ஓட்டை இருந்ததோ பையில் அத்தனை கால் இருந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ஓர் ஓட்டை விடாமல் எல்லாவற்றிலும் கால் நட்டாள். போர்டை வைத்தாள். நினைவகப் பட்டையான ராம், பிராசசர் மேல் விசிறி, பவர் சப்ளை, பெரிய படங்களுக்கென்றே வாங்கிய கனமான கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் போக இடமில்லாமல் சில ஸ்க்ரூக்கள் கிடந்தன. சும்மா விடுவாளா? பெட்டியின் முதுகுப்பக்கம் எங்கெங்கோ சும்மா இருந்த ஓட்டைகளைத் தேடிப் பிடித்து முறுக்கிவிட்டாள். பையை உதறிக் காட்டினாள்.

“பாத்துக்கோங்க. காலி!”

“பிரமாதம்” என்றான் கணவன். மனசாரத்தான் சொன்னான்.

அவள் எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி ஒரு துடி துடித்தது. அவ்வளவுதான். நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினாள். அதற்கு அந்தத் துடிப்பும் இல்லை.

முதலில் சுவர் பிளக்கைச் சந்தேகப்பட்டாள். மேஜை விளக்கைச் செருகிப் பார்த்தாள், பளிச்சென்று எரிந்தது. ஒயரைச் சந்தேகப்பட்டாள். பழைய கம்ப்யூட்டரின் ஒயரை உருவி மாட்டினாள். பவர் சப்ளையின் முதுகில் இருக்கிற சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டாள். மறுபடி அந்த ஒரு துடிப்பு, மறுபடி மௌனம்.

“ராமை எடுத்துட்டுத் திரும்பப் போடு. எங்க டெப்போவுல அப்படித்தான் பண்ணுவாங்க” என்றான் கணவன்.

“உங்க டெப்போவுல ரொட்டிதானே இருக்கு?”

“கம்ப்யூட்டரும் ஒண்ணு இருக்கும்மா.”

ராமை எடுத்து, துடைத்து, க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டாள். அசையவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். அசையவில்லை. முகப்புப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களை இடம் மாற்றிப் போட்டோமோ என்று கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டாள். எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. அவள் மாட்டியதாயிற்றே, தப்பு இருக்குமா என்ன?

பாகங்கள் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள். அந்த மனுஷன் நல்லவர்தான், ஆனால் கடையில் கூட்டம். “பவர் சப்ளை உயிரோட இருக்கான்னு பாருங்கம்மா. பெரிய பிளக்கைப் போர்டுலேர்ந்து பிடுங்கிட்டு, பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால சேர்த்துப் பாருங்க. ஓடுச்சுன்னா அது நல்லாருக்கு. ஓடலைன்னா திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்க, மாத்திக்கலாம்.”

திங்கட்கிழமையாம்! திங்கட்கிழமை வந்தால் அவள் டைல்ஸ் கடையில் நின்றுகொண்டிருப்பாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும்.

ஜெம் கிளிப்பை வளைத்துச் சேர்த்தாள். பவர் சப்ளை விசிறி உற்சாகமாகச் சுற்றியது. அது நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் போர்டா?

“வெளிய எடுத்துப் பாக்கப் போறேன்” என்றாள். இணையத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்: பெட்டியை நம்பாதே, போர்டை வெளியே வைத்துப் பார். மாட்டிய அத்தனையையும் கழற்றினாள். போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, ராமையும் பிராசசர் விசிறியையும் மட்டும் விட்டுவிட்டு, பவர் சப்ளையையும் திரையையும் இணைத்தாள். பொத்தான் இல்லை, பொத்தானின் ஒயர் வந்து சேர்கிற இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டாள்.

விசிறி சுற்றியது. நிற்கவேயில்லை. திரையில் எழுத்து வந்தது.

“ஓடுதுங்க! ஓடுது!” அவள் கத்திய கத்தலில் கணவன் நாற்காலியோடு பின்னால் சாயப் பார்த்தான்.

“அப்ப இப்படியே ஓட்டிடேன். பெட்டி எதுக்கு?”

அவளுக்கும் அந்த ஆசை வந்தது, பொய் சொல்வானேன். கிராபிக்ஸ் கார்டையும் மாட்டிப் பார்த்தாள். அது கனமான கார்டு. பிடித்துக்கொள்ள இரும்புச் சட்டம் இல்லாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அவள் மேஜையில் கை வைத்ததும் ஆடியது. திரை இருண்டு, போனால் போகிறது என்கிற மாதிரி திரும்பி வந்தது. நடுவில் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று மேடம் சொன்னது காதிலேயே இருந்தது. பெரிய ஃபைலைத் திறந்துவைத்து வரைந்துகொண்டிருக்கும்போது இப்படி ஒருமுறை இருண்டால் கதை முடிந்தது.

“வேணாம். பெட்டிக்குள்ளயே போடறேன். எங்கயோ ஏதோ லூசா மாட்டியிருப்பேன்.”

திரும்பவும் எல்லாவற்றையும் பெட்டிக்குள் ஏற்றினாள். இந்தத் தடவை இன்னும் கவனமாக, இன்னும் இறுக்கமாக. பையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள்.

ஒரு துடிப்பு. மௌனம்.

பொத்தான்தான் கெட்டிருக்குமோ என்று பெட்டிக்குள் கையை விட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஊசிகளைத் தொட்டாள். அதற்கும் அதே துடிப்பு, அதே மௌனம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வைத்தால் ஓடுகிறது, உள்ளே வைத்தால் செத்துப்போகிறது. இது என்ன பிசாசுப் பெட்டி! கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. அதைக் கணவன் பார்த்துவிடக் கூடாதென்று பெட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் பார்த்துவிட்டான். போய் டீ போட்டு வந்து பக்கத்தில் வைத்தான்.

“கடையில ஒரு வாரம் லீவு கேளு. நான் இன்னொரு ரூட் சேர்த்து ஓட்டறேன். வேற ஏதாவது பண்ணலாம்” என்றான்.

“லீவா முக்கியம்? இது போச்சுன்னா போச்சுங்க. எனக்கு வரையணும். அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம், வரையணும்.” இத்தனை வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சரியாக அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம். நாத்தனாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது! ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். கூடத்தில் நடுநாயகமாகத் திறந்து கிடந்த பெட்டியையும் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள்.

“என்ன ஸ்கேலு, பேஷண்ட் கண்ணே தொறக்கலையா? நாடி பாத்தீங்களா?”

“அண்ணி, இப்ப வேணாம்.”

“சரி, சரி. டேய் மிச்சம், நீ கை வெச்சியா?”

“நான் கிட்டக்கூடப் போகல அக்கா.”

“அப்புறம் ஏன் ஓடல? ஏதாவது மிஞ்சிடுச்சா?”

“ஒண்ணும் மிஞ்சல அண்ணி!” என்று வெடித்தாள் அவள். “ஒரு ஸ்க்ரூ கூட மிஞ்சல. கொடுத்த அத்தனையும் உள்ள போட்டாச்சு. பையை வேணா நீங்களே பாருங்க!”

நாத்தனார் துவட்டுவதை நிறுத்தினாள்.

“அத்தனையும் உள்ளயா? ஐயோ, அதுல்ல பயமா இருக்கு! எங்க தியேட்டர்ல வந்து இப்படிச் சொல்லிடாதம்மா, வேலையை விட்டே தூக்கிடுவாங்க. நேத்துகூட தைக்கறதுக்கு முன்னாடி எண்ணிப் பாத்தா ஒரு பஞ்சு குறையுது. டாக்டரு குதிக்கறாரு. ட்ரே, பக்கெட், தரை எல்லாம் தேடறோம். கடைசியில அந்த மனுஷன் செருப்புக்கு அடியிலதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வெளிய எத்தனை மிஞ்சினாலும் யாருக்கும் கவலை இல்ல. உள்ள ஒண்ணு மிஞ்சக் கூடாது. உள்ள மிஞ்சினா ஆளு காலி.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தம்பி போட்டுவைத்த டீயை எடுத்துக் குடித்தாள்.

ஸ்கேல் அசையவில்லை. வெளியே வைத்தால் ஓடுகிறது. உள்ளே வைத்தால் செத்துப்போகிறது. காலையிலிருந்து எது குறைகிறது, எது லூசாக இருக்கிறது, எதைப் போடாமல் விட்டோம் என்றே தேடிக்கொண்டிருந்தாள். எதைப் போட்டிருக்கவே கூடாது என்று ஒரு தடவையாவது யோசித்தாளா?

“என்னங்க, பிளக்கைப் பிடுங்குங்க. சீக்கிரம்.”

மளமளவென்று கழற்றினாள். போர்டை இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கவிழ்த்துப் பிடித்தாள். அடிப்பக்கத்தில், ஈயம் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகளுக்கு நடுவே, ஒரு வட்டமான பித்தளைத் தடம். புத்தம்புதுத் தடம். அங்கே போர்டில் ஓட்டையே கிடையாது.

பெட்டிக்குள் பார்த்தாள். அந்தத் தடத்துக்கு நேர் கீழே, சமர்த்துப் பிள்ளை மாதிரி, ஒரு பித்தளைக் கால் நின்றுகொண்டிருந்தது.

“அடிப்பாவி” என்றாள். தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள்.

அந்த இரும்புப் பெட்டி பெரிய போர்டுக்கும் சின்ன போர்டுக்கும் பொதுவாகச் செய்தது. அதனால்தான் அத்தனை ஓட்டை. அவள் வாங்கியது சின்ன போர்டு. அதற்கு வேண்டிய கால்களை மட்டும் நட்டுவிட்டு மற்றதை எடுத்துவைக்க வேண்டியதுதானே முறை? ஸ்கேல் அம்மாளுக்குத்தான் மிச்சம் வைக்கக் கூடாதே! எல்லாவற்றையும் நட்டாள். போர்டுக்கு வெளியே போன கால்கள் தேமே என்று நின்றன. அடியில் மாட்டிக்கொண்ட இந்த ஒன்று மட்டும் போர்டின் வயிற்றைக் குத்தி, மின்சாரத்தை இரும்புப் பெட்டிக்குத் திருப்பிவிட்டது. பவர் சப்ளை ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்போடு நின்றது கோளாறே இல்லை. போர்டு கருகிவிடக் கூடாதென்று அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதைப்போய் அவள் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருந்தாள்.

“தூண் வேண்டாத இடத்துல தூண் வெச்சிருக்கேங்க” என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “வேற யாராவது வரைபடத்துல இப்படி ஒரு தூண் போட்டுட்டு வந்தா நான் என்ன கிழி கிழிச்சிருப்பேன்!”

கணவன் எட்டிப் பார்த்தான். போர்டின் தடத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மெதுவாக அவன் முகம் மலர்ந்தது.

“அப்ப மிச்சம் வெச்சிருக்கணும்ங்கற?”

“ஆமா.”

“இன்னொரு தடவை சொல்லு. அக்கா, நீயும் கேட்டுக்கோ.”

“மிச்சம் வெச்சிருக்கணும்! போதுமா? வாங்க, வந்து நீங்களே கழட்டுங்க. இது உங்க வேலை.”

அவன் எழுந்த எழுச்சியைப் பார்க்க வேண்டுமே! சட்டைக் கையை மடித்துக்கொண்டான். ஸ்க்ரூடிரைவரை வேண்டாமென்று தள்ளிவிட்டு, விரலாலேயே அந்தக் காலைப் பிடித்துத் திருகினான். “மிச்சம் வெக்கறதுல நம்மள அடிச்சுக்க ஆள் கிடையாது” என்று சொல்லிக்கொண்டே எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தான். நாத்தனார் வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டாள். அந்த வாய் அப்படிச் சும்மா மூடியதை அந்த வீடு பார்த்ததே கிடையாது.

போர்டு ஏறியது. ராம் ஏறியது. கார்டு தன் சட்டத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது. கணவன் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான், நாத்தனார் டார்ச் பிடித்தாள். தியேட்டர் பழக்கம், வெளிச்சம் ஓர் இம்மி நகரவில்லை. பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்துப் போட்டாள். பொத்தானில் விரல் வைத்தவள் ஒரு கணம் நின்றாள்.

“அழுத்தும்மா” என்றான் கணவன்.

அழுத்தினாள். விசிறி துடித்தது. துடித்து, சுற்ற ஆரம்பித்து, இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே ரீங்காரமாகச் சுற்றின. திரை விடிந்தது.

மூன்று பேரும் குனிந்து விசிறியையே பார்த்தார்கள். அது நிற்கவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று, இன்னொரு நிமிஷம் போயிற்று, அது நிற்கவேயில்லை. கணவன் கைதட்டினான். நாத்தனார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுழற்றினாள். “ஆபரேஷன் சக்ஸஸ்! பேஷண்ட் முழிச்சாச்சு!” என்று அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. ஸ்கேல் மட்டும் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது சூடாக, லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. இப்போது யார் பார்த்தால் என்ன?

“அழுதது போதும், மணி ஆகப் போகுது. முகத்தைக் கழுவிட்டு உக்காரு” என்று நாத்தனார் விரட்டினாள். மென்பொருளையும் பழைய கோப்புகளையும் ஸ்கேல் முந்தின வாரமே பழைய கம்ப்யூட்டரை வைத்துப் புது டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்ததால் பிழைத்தாள். மணி இரண்டு அடிக்கும் நேரத்தில் மேடத்தின் முகம் திரையின் ஓரத்தில் வந்தது.

“ரெடியா?”

“ரெடி மேடம்.”

ஃபைல் வந்தது. பெரிய ஃபைல்தான், மாடி வைத்த வீடு, பாதியில் நிற்கும் படிக்கட்டு. முடித்துக் காட்ட வேண்டும். பழைய மெஷினில் இதைத் திறக்கவே அரைநாள் ஆகியிருக்கும். இது கண்மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டு, அவள் மவுசை நகர்த்திய பக்கமெல்லாம் வீட்டைத் திருப்பிக் காட்டியது. அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். படிக்கட்டை மேலிருந்து பார்த்தாள், கீழிருந்து பார்த்தாள். கொடுத்தபடியே முடித்தால் மேலே ஏறுகிறவன் தலை மேலே குறுக்கே போகும் பீமில் இடிக்கும். இதைக் கவனிக்கிறாளா என்றுதான் பார்க்கிறார்கள்! வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். திருப்பத்தைக் கொஞ்சம் முன்னாலேயே வைத்து, படியை வளைத்து, ஓர் ஆளை நிற்கவைத்துத் தலைக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று அளவு போட்டுக் காட்டினாள். வருஷக்கணக்காக உள்ளே முட்டிக்கொண்டிருந்தது எல்லாம் விரல் வழியாக இறங்கியது. எத்தனை நேரம் போயிற்று என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த அறையில் கணவனும் நாத்தனாரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி நகர்ந்தால் சத்தம் வருமென்று தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் இருமலைக்கூடத் துண்டுக்குள் இருமினாள்.

சாயங்காலம் மேடத்தின் போன் வந்தது. ஸ்கேல் ஒலிபெருக்கியில் போட்டாள்.

“பீம் இடிக்கும்னு இன்னிக்கு டெஸ்டுக்கு உக்காந்தவங்கள்ல யாருமே கவனிக்கல, நீ ஒருத்திதான். இங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து ஆரம்பிச்சுடு. ஆமா, மெஷின் சூப்பரா ஓடுச்சே, எந்தக் கடையில வாங்கினே?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கடையில வாங்கல மேடம். நானே செஞ்சது” என்றாள்.

போனை வைத்ததும் கணவன் அலமாரியிலிருந்து அந்தப் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தான். மூடியைத் திறந்து, ஒரு பெரிய மனுஷனின் தோரணையோடு அவள் முன்னால் நீட்டினான். “போடும்மா. நம்ம சங்கத்துல சேர்ந்துக்கோ” என்றான். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். “இனிமே இந்த வீட்டுல ரெண்டு மிச்சம்!”

ஸ்கேல் உள்ளங்கையைத் திறந்தாள். புடவைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்ததைப் போன் வந்ததும் எடுத்து இறுக்கிப் பிடித்திருந்ததில் பித்தளைக் காலின் விளிம்பு தோலில் வட்டமாகப் பதிந்திருந்தது. டப்பாவைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவன் சேர்த்துவைத்ததை, அவள் சிரித்துத் தள்ளியதை எல்லாம் பார்த்தாள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“இத்தனை நாளா உங்களைக் கேலி பண்ணினதுக்கு என்னை மன்னிச்சுடுங்க” என்றாள். பிறகு கையை மூடிக்கொண்டாள். “ஆனா இதைத் தர மாட்டேன். இது என் மிச்சம்.”

அதைக் கொண்டுபோய்த் தன் வரைமேஜையில், திரைக்குக் கீழே, எழுந்தாலும் உட்கார்ந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்திவைத்தாள். அளந்து பார்க்காமல்தான் வைத்தாள்.